துக்கத்தின் இலக்கணம்: 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானிய அரசகுடும்பத்தின் ஈமமரபுகள்



மொழியியல் பயின்றவருக்கு அரசகுடும்பத்துச் சாவுச் சடங்கில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனில் துக்கம் என்பது உடையாலும் அணியாலும் கடிதத்தாளின் ஓரத்துக் கறுப்புக் கரையாலும் பேசப்பட்ட ஒரு மொழி. அதற்கு விதிகள் இருந்தன, விலக்குகள் இருந்தன, தவறியவரைத் திருத்தும் இலக்கணிகளும் இருந்தனர். அம்மொழிக்கே உரியவர் என்று உலகம் எண்ணியது விக்டோரியா அரசியாரை. அதன் இலக்கணத்தை இருமுறை மீறியவரும் அவரே. இன்றைய உரையில் நான் விளக்க முற்படுவது அதைத்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘மோர்னிங்’ என்னும் சொல்லின் அடி, மனம் வருந்துதலைக் குறித்த பழைய வினை. காலப்போக்கில் அது உடுத்தும் கறுப்பு உடைக்கே பெயராயிற்று. ‘துக்கத்தில் இருக்கிறார்’ என்றால் கறுப்பு அணிந்திருக்கிறார் என்று பொருள். ‘துக்கத்தை விட்டார்’ என்றால் வண்ண உடைக்குத் திரும்பினார் என்று பொருள். முழுத்துக்கம், அரைத்துக்கம் என்று அளவிட்டும் கூறினர். தமிழில் ‘இழவு’ என்பது ‘இழ’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. இழப்பே அதன் கரு. நாம் துக்கம் விசாரிக்கிறோம், துக்கம் காக்கிறோம். ஆனால் துக்கத்தை அரை, முக்கால் என்று அளப்பதில்லை. எனவே அக்கால ஆங்கில நூல்களை மொழிபெயர்க்கும் மாணவர் இங்கே இடறுவது இயல்பு. கைம்பெண்ணின் உடையைக் குறிக்கும் ‘வீட்ஸ்’ என்னும் சொல்லை அகராதியில் தேடினால் ‘களைகள்’ என்று முன்னால் வந்து நிற்கும். அது பழைய ஆங்கிலத்தில் ஆடையைக் குறித்த வேறொரு சொல். பயிரிடைக் களைக்கும் அதற்கும் உறவில்லை.

இம்மொழி நாடு முழுவதும் ஒரே குரலில் ஒலித்த ஒரு நிகழ்வு 1817இல் நேர்ந்தது. அரியணைக்கு உரியவராக இருந்த இளவரசி சார்லட், நவம்பர் 6ஆம் நாள், இறந்து பிறந்த ஆண்மகவை அடுத்துத் தாமும் மறைந்தார். அவருக்கு வயது 21. துணிக்கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோயிற்று. உடை வாங்க இயலாத ஏழையரும் கையில் கறுப்புப் பட்டையேனும் கட்டிக்கொண்டனர். சூதாட்ட விடுதிகளும் அடக்க நாளன்று மூடப்பட்டன. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாடா முதலிய அலங்காரப் பொருள்களைச் செய்வோர், துக்கக் காலம் நீண்டால் தாங்கள் கடனாளியாகி அழிந்துவிடுவோம் என்றும் அதைச் சுருக்க வேண்டும் என்றும் அரசுக்கு விண்ணப்பித்தனர். ஒரு குடும்பத்தின் சாவு எங்கோ தறியில் அமர்ந்திருப்பவரின் அடுப்பை அணைத்துவிடக்கூடும் என்பது, ஊர்வலப் படங்களைக் காணும்போது நமக்குத் தோன்றுவதில்லை.

துக்க அறிவிப்பிலும் இருவகை உண்டு. அரசவையோடு தொடர்புடையோர் மட்டும் காப்பது அரண்மனைத் துக்கம். அதற்குரிய ஆணையை லார்ட் சேம்பர்லின் எனப்படும் அரண்மனைத் தலைமை அலுவலர் பிறப்பிப்பார். மக்கள் அனைவரும் காக்க வேண்டியது பொதுத்துக்கம்; அது ஏர்ல் மார்ஷலின் ஆணை. இரண்டும் ‘லண்டன் கெசட்’டில் வெளிவரும்.

அரசரின் அடக்கத்தில் நம்மை ஈர்ப்பது கட்டியம் கூறும் சடங்கு. பேழை நிலவறைக்குள் இறங்கிய பின், கார்ட்டர் என்னும் பட்டம் தாங்கிய தலைமைக் கட்டியக்காரர், மறைந்தவரின் விருதுப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க முழங்குவார். அரண்மனை அலுவலர்கள் தம் பதவிக் கோல்களை முறித்துக் கல்லறையில் இடுவர். பின்னர்ப் புதிய அரசரின் பெயர் முழங்கும். கட்டியம், கட்டியக்காரர் என்னும் சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால், இதை மொழிபெயர்க்கப் புதுச்சொல் படைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

இத்தகைய மாட்சியெல்லாம் பழங்காலந்தொட்டு மக்கள் கண்முன் நிகழ்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1820இல் மூன்றாம் ஜார்ஜும் 1830இல் நான்காம் ஜார்ஜும் 1837இல் நான்காம் வில்லியமும் விண்ட்சரில் உள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தில், இரவு நேரத்தில், தீப்பந்த ஒளியில் அடக்கம் செய்யப்பட்டனர். லண்டன் தெருக்கள் வழியே பேழை செல்லவில்லை. ஒழுங்கும் குறைவு. இளவரசி சார்லட்டின் அடக்கத்தில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர்கள் குடிபோதையில் இருந்தனர் என்பது பதிவாகியிருக்கிறது. 1852 நவம்பர் 18இல் வெலிங்டன் கோமகனின் அடக்கம்தான் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தெருவுக்கு இழுத்தது. பல டன் எடை கொண்ட வெண்கலத் தேர், பன்னிரண்டு குதிரைகள் இழுத்தும், வழியில் சேற்றில் புதைந்து நின்றது. அவரோ அரசரல்லர்.

இனி, குடும்பங்களின் துக்கம். கையேடுகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டாலும், கைம்பெண் ஓராண்டும் ஒரு நாளும் ‘பாம்பசின்’ என்னும் மங்கிய துணியில், மேலே சுருக்கப் பட்டாகிய ‘கிரேப்’ போர்த்து, ஒளி தெறிக்காத கறுப்பில் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அடுத்துக் கிரேப்பின் அளவு குறையும். அதன்பின் அரைத்துக்கம்: சாம்பல், வெளிர் ஊதா ஆகிய நிறங்கள் வந்துசேரும். மொத்தம் இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகள். பெற்றோருக்கு ஓராண்டு, உடன்பிறந்தோருக்கு ஆறு மாதம். கடிதத்தாளின் கறுப்புக் கரையும் நாள் செல்லச் செல்ல மெலியும். உறையைப் பிரிப்பதற்கு முன்பே, அனுப்பியவரின் துயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பெறுபவர் படித்துவிடலாம்.

இவ்விதிகளின் சுமை பெண்கள் மீதே விழுந்தது. மனைவியை இழந்த ஆண் கறுப்பு உடையோடு தொழிலுக்குச் செல்லலாம்; விரைவில் மறுமணமும் செய்யலாம். அவ்வாறு வந்த இரண்டாம் மனைவி, முதல் மனைவியின் பெற்றோர் இறந்தால் துக்க உடை அணிவது நற்பண்பு என்று கையேடுகள் கூறின! வணிகம் இதை நன்கு பயன்படுத்திக்கொண்டது. ‘ஜே’ நிறுவனத்தின் துக்க உடைப் பண்டகசாலை 1841இல் லண்டன் ரீஜன்ட் தெருவில் திறக்கப்பட்டது. விட்பி கடற்கரையில் கிடைத்த ‘ஜெட்’ என்னும் கருங்கல்லில் துக்க அணிகள் செய்வது பெருந்தொழிலாயிற்று. இந்த ஆரவாரத்தை வெறுத்தவர்களும் இருந்தனர். 1870இல் மறைந்த சார்லஸ் டிக்கன்ஸ், தம் அடக்கத்திற்கு வருவோர் துக்கச் சால்வையோ நீண்ட தொப்பிப் பட்டையோ அணியலாகாது என்று உயிலிலேயே எழுதிவைத்தார்.

1861 மார்ச்சில் விக்டோரியாவின் அன்னை மறைந்தார். அரண்மனை அந்தத் துக்கத்திலிருந்து மீள்வதற்குள், டிசம்பர் 14ஆம் நாள் விண்ட்சரில் கணவர் ஆல்பர்ட் மறைந்தார். அவருக்கு வயது 42. டிசம்பர் 23இல் நிகழ்ந்த அடக்கத்தில் அரசியார் கலந்துகொள்ளவில்லை. உயர்குடிப் பெண்கள் அடக்கத்திற்குச் செல்லாமல் இருப்பதே அன்றைய வழக்கம். இருபது வயது மகன் தலைமை ஏற்றார். ஓராண்டு கழித்து, ஃபிராக்மோரில் அரசியார் எழுப்பிய கல்லறை மண்டபத்துக்கு ஆல்பர்ட்டின் உடல் மாற்றப்பட்டது.

இதுவரை எல்லாம் விதிப்படியே. முதல் மீறல் இனித்தான். இரண்டரை ஆண்டு கழிந்தது. அரசியார் கறுப்பை விடவில்லை. ஆல்பர்ட் இறந்த அறையில் ஒவ்வொரு நாளும் வெந்நீர் வைக்கப்பட்டது. உடைகள் எடுத்து வைக்கப்பட்டன. 1862 ஜூலையில் மகள் ஆலிஸின் திருமணமே ஓர் அடக்கம் போல் நிகழ்ந்தது. 1866 வரை நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க அவர் வரவில்லை. வந்தபோதும் அரச அங்கி தோளில் இல்லை, அரியணை மீது கிடந்தது. இலக்கணம் அறிந்தவர்களுக்கு இதன் சிக்கல் புரியும். துக்க உடை காலங்காட்டும் விகுதி போன்றது. அது மாறுவதால்தான் பொருள் தருகிறது. மாறாத விகுதி எதை உணர்த்தும்? கறுப்பு அவருடைய துயரைச் சொல்வதை நிறுத்திவிட்டு, அவரையே சொல்லும் அடையாளமாயிற்று. மக்கள் பொறுமை இழந்தனர். 1864இல் பக்கிங்காம் அரண்மனை வேலியில், தொழில் நலிந்ததால் இவ்விடம் வாடகைக்கோ விலைக்கோ தரப்படும் என்னும் பொருளில் யாரோ ஓர் அறிவிப்பை மாட்டினர். மன்னராட்சியே வேண்டாம் என்னும் குரல்கள் 1870ஐ ஒட்டி வலுத்ததற்கு இந்த ஒதுங்கலும் ஒரு காரணம். ஆயினும் ஒரு பெண் தன் கணவனை எவ்வளவு காலம் நினைக்கலாம் என்பதைக் கையேடு தீர்மானிப்பதை அவர் ஏற்கவில்லை என்ற அளவில், என் மனம் அவர் பக்கமே சாய்கிறது.

இரண்டாம் மீறல் இதனினும் வியப்புக்குரியது. நாற்பதாண்டுகள் கறுப்பில் வாழ்ந்தவர், தம் அடக்கத்தில் கறுப்பு கூடாது என்று 1897இலேயே எழுதிவைத்தார். படைவீரரின் மகள் என்பதால் படைமரியாதை, பேழைக்குப் பீரங்கி வண்டி, மேலே வெண்போர்வை. 1901 ஜனவரி 22இல் ஆஸ்போர்ன் இல்லத்தில் அவர் மறைந்தபோது, வெண்ணிற உடையும் தம் திருமண முக்காடும் அணிவிக்கப்பட்டார். பேழைக்குள் ஆல்பர்ட்டின் மேலங்கியும் அவருடைய கையின் சுதை வார்ப்பும் வைக்கப்பட்டன. பணியாளர் ஜான் பிரவுனின் படமும் முடிக்கற்றையும், பிள்ளைகள் காணாதவாறு மலர்களால் மறைத்து, இடக்கையில் வைக்கப்பட்டன. மருத்துவர் ஜேம்ஸ் ரீட் அதை நிறைவேற்றிய செய்தி பல்லாண்டுகள் கழித்தே வெளிவந்தது.

பிப்ரவரி 2இல் பகல் வெளிச்சத்தில் ஊர்வலம் லண்டனைக் கடந்தது. தெருக்களில் கறுப்புக்கு மாறாகக் கருஞ்சிவப்பு கலந்த ஊதாத் துணி தொங்கியது. விண்ட்சர் நிலையத்தில், குளிரில் காத்துநின்ற குதிரைகள் புறப்படும்போது இழுவார் அறுந்தது. உடனே கடற்படையினர், கையில் கிடைத்த கயிறுகளைக் கட்டித் தாமே வண்டியை இழுத்தனர். அந்த விபத்துதான் மரபாயிற்று. 2022இல் இரண்டாம் எலிசபெத்தின் பேழையை 142 கடற்படையினர் இழுத்ததைத் தொலைக்காட்சியில் கண்டு, பன்னூறாண்டு வழக்கம் என்று நம்மில் பலர் நினைத்திருப்போம். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் மன்னரின் பேழையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் வழக்கமும் 1910இல் ஏழாம் எட்வர்டுக்குத்தான் தொடங்கியது. வகுப்பறையில் ‘தொன்றுதொட்டு’ என்னும் சொல்லை எழுதுமுன் ஆசிரியர்கள் ஆண்டைக் கேட்கப் பழக்குவது நல்லது.

அந்தச் சாவின் எதிரொலி நம் வட்டாரத்தையும் எட்டியது. சிங்கப்பூரில் அவர் நினைவாக எழுந்த விக்டோரியா நினைவு மண்டபம் 1905இல் திறக்கப்பட்டது. இசை கேட்க நாம் செல்லும் அக்கட்டடம் தோன்றியது ஒரு துக்கத்தின் பொருட்டே.

பிப்ரவரி 4ஆம் நாள் அரசியார் ஃபிராக்மோரில் கணவர் அருகே வைக்கப்பட்டார். கல்லறை மீது இருவரின் பளிங்கு உருவங்களும் கிடக்கின்றன. 1860களில் ஆல்பர்ட்டின் உருவத்தைச் செதுக்கிய மரோக்கெட்டி என்னும் சிற்பியிடமே அரசியார் தம் உருவத்தையும் செய்வித்துவிட்டார். அது விண்ட்சரில் ஒரு சுவருக்குள் மறந்துபோய்க் கிடந்து, அவர் மறைந்தபின் தேடி எடுக்கப்பட்டது. எண்பத்தொரு வயதில் இறந்தவர் அங்கே நடுவயதுப் பெண்ணாகக் கணவர் பக்கம் முகம் திருப்பிக் கிடக்கிறார்.

உங்கள் வினாக்களுக்கு நேரம் விட்டு அமர்கிறேன்.