பச்சிலைச் சம்பல் பாத்தியிலே தொடங்குகிறது



தணலிற் சுட்ட கோழியிறைச்சி, ஆட்டிறைச்சி ஆகியவற்றோடு உண்பதற்கேற்ற பச்சிலைச் சம்பலைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கொத்தமல்லி இலையையும், மிஞ்சி எனப்படும் புதினா இலையையும் சேர்த்தரைக்கும் இச் சம்பல் அடுப்பில் ஏறுவதில்லை. அதன் மணத்துக்குக் காரணம் அதுவே; அதனால் விளையக்கூடிய கேட்டிற்குக் காரணமும் அதுவே. இலையிலுள்ள கிருமியைக் கொல்ல அங்கே நெருப்பில்லை. இலையிற் படிந்த மருந்தும் நேரே வயிற்றுக்குட் செல்லும். ஆகவே முதலிற் பாத்தியைக் கவனிப்போம்.

கொத்தமல்லி வித்தை இரண்டாகப் பிளக்குமாறு மெல்லத் தேய்த்து, வரிசையாக விதையுங்கள். ஏறத்தாழ ஆறு வாரத்தில் இலை கொய்யலாம். மிஞ்சித் தண்டுகளை ஈரமுள்ள அரைநிழலில் நடுங்கள். நன்றாக உக்கிய கூட்டெருவையே இடுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். நெல்லுக்கோ மிளகாய்க்கோ தெளிக்கும் மருந்து காற்றோடு வந்து படியாத இடமாகப் பார்த்துப் பாத்தியை அமையுங்கள். அவ்வாறு படிந்ததென ஐயம் எழுந்தால் அவ்விலையை உண்ண எடுக்காதீர்கள். கழுவினால் முற்றாக நீங்கிவிடும் என நம்பவும் வேண்டாம். பீடைநாசினியின் சுட்டுத்துண்டிற் குறித்த காத்திருப்புக் காலம் அந்தந்தப் பயிருக்கே உரியது. மிளகாய்க்குச் சொன்ன நாட்கணக்கைக் கொத்தமல்லிக்குக் கொள்ளலாகாது. ஐயமிருப்பின் உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

இனிச் செய்முறையைக் கூறுகிறேன். அரைக் கிலோ இறைச்சிக்குக் கொத்தமல்லி இலை இரண்டு கைப்பிடி, மிஞ்சி இலை ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் 3, சின்ன வெங்காயம் 5, உள்ளி 2 பல்லு, தேசிக்காய் 1, அளவான உப்பு ஆகியன போதும். இலைகளை ஆய்ந்து, வாய்க்கால் நீரிலன்றித் தூய நீரில் மூன்று முறை அலசி, கடைசியாகக் கொதித்தாறிய நீரில் ஒரு முறை அலசி வடியவிடுங்கள். அம்மியையும் குழவியையும் கழுவியபின் உப்பு, மிளகாய், உள்ளி ஆகியவற்றை முதலில் அரையுங்கள். பின்னர் வெங்காயத்தையும், இறுதியில் இலைகளையும் வைத்து ஒன்றிரண்டாக அரைத்தெடுங்கள். தேசிப்புளியை உண்ணும் வேளையிலேயே பிழிந்து கலவுங்கள். முன்னரே விட்டால் புளிப்பினால் இலையின் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும்.

பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலோ, அது கிடந்த பாத்திரத்திலோ இச் சம்பலை வைக்கலாகாது. இறைச்சியை உள்ளே சிவப்பு நீங்கும்வரை சுட்டு, வேறு தட்டில் இட்டு, அதன்பின்னரே சம்பலைச் சேருங்கள். ஒரு வேளைக்கு வேண்டிய அளவே அரையுங்கள். எஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். அவ்வசதி இல்லையேல் எறிந்துவிடுங்கள்.

கமக்காரப் பெருமக்களே, உங்கள் பிள்ளைகள் பச்சையாக உண்பதற்கென ஒரு பாத்தியையாவது நஞ்சு படியாது காத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு அனுப்பும் இலைக்கட்டிலும் அதே கவனம் இருக்கட்டும். அதை வாங்குபவர் வீட்டுப் பிள்ளையும் அதனைப் பச்சையாகவே உண்ணும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.