குப்புறப் போடச் சொன்ன டாக்டர்கள்

"மல்லாக்கப் போட்டா பால் கக்கிப் புரையேறிடும், குப்புறப் போடு, நல்லாத் தூங்கும்." செங்கல்பட்டில் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் குப்பங்கள் வரை, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். மல்லாந்து தூங்கும் பிள்ளைக்கு மூச்சடைக்காதா என்று நேயர்கள் கேட்பதும் அதனால்தான்.

அடைக்காது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலே இருக்கும், உணவுக்குழல் அதற்குக் கீழே. கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இந்த வரிசை மாறி, உணவுக்குழல் மேலே வந்துவிடும். பால் கீழே வடிந்து மூச்சுக்குழலை எட்டுவது அப்போதுதான் சுலபம். பயந்த திசையே தப்பு.

நல்ல ஆரோக்கியமான குழந்தை பால் குடித்துத் தூங்கி, பிறகு எழாமலே போவது புது நோய் அல்ல. தாய் தூக்கத்தில் புரண்டு பிள்ளையை நசுக்கிவிட்டாள் என்பதுதான் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட காரணம். சாலமோன் ராஜா தீர்ப்பு சொன்ன பைபிள் கதையிலும் ஒரு குழந்தை அப்படித்தான் சாகிறது. பிறகு கழுத்துக்குக் கீழே உள்ள தைமஸ் சுரப்பி மேல் பழி விழுந்தது. அதைச் சுருக்குகிறோம் என்று ஒன்றுமறியாத பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. பிரேதப் பரிசோதனை செய்தும் காரணம் தெரியாத இந்த மரணத்துக்குத் 'திடீர் சிசு மரணம்' என்ற வரையறை கிடைத்தது 1969-இல்தான்.

இனி வருவதுதான் வயிற்றெரிச்சல். 1944-இலேயே நியூயார்க் மருத்துவர் ஹெரால்டு ஆப்ராம்சன், தூக்கத்தில் இறந்த சிசுக்களில் பெரும்பாலானவர்கள் குப்புறக் கிடந்ததைக் கவனித்து எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1950களில் அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக், தன் குழந்தை வளர்ப்புப் புத்தகத்தின் புதுப் பதிப்பில் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்றார். காரணம்? மல்லாந்து கிடந்தால் வாந்தி புரையேறுமாம். அதாவது, நம்ம ஊர்த் திண்ணைப் பேச்சு அங்கே அச்சேறி, ஸ்பாக் இறப்பதற்குள் சுமார் 5 கோடிப் பிரதிகள் விற்றிருந்தது. எந்தச் சோதனையும் செய்து பார்த்துச் சொன்னதல்ல.

நெதர்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் குப்புறப் போடும் பழக்கம் பரவ, திடீர் சிசு மரணங்கள் மளமளவென்று ஏறின. குஸ் டி யோங்க என்ற மருத்துவர் 1987-இல் 'குப்புறப் போடாதீர்கள்' என்று பகிரங்கமாக அறிவித்தார். அடுத்த ஆண்டே மரணம் சுமார் 40 சதவீதம் சரிந்தது. அதற்கு முன்பே, 1985-இல், ஹாங்காங்கில் வேலை பார்த்த டேவிட் டேவிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், இங்கிலாந்தைக் கலக்கும் இந்த மரணம் இங்கே ஏன் இவ்வளவு அரிது என்று கேட்டிருந்தார். சீனத் தாய்மார் பிள்ளைகளை மல்லாத்தித்தான் போடுவார்கள். இங்கிலாந்தில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களிலும் இந்த மரணம் வெள்ளையர் வீடுகளைவிடக் குறைவு. பெரிய ஆஸ்பத்திரிகள் தேடிய விடை பக்கத்து வீட்டில் இருந்தது.

பிரிட்டனில் கதவைத் தட்டித் திறந்தவர் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட். 1991 ஜூலையில் தன் மகன் செபாஸ்டியனை இழந்தவர், குப்புறப் படுப்பது பற்றி நியூசிலாந்தில் நடந்த ஆய்வைத் தெரிந்துகொண்டு அரசைக் குடைந்தெடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் மல்லாத்திப் போடச் சொல்லும் பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளில் மரணங்கள் பாதிக்கும் கீழே போயின. அமெரிக்கா 1994-இல் பின்தொடர்ந்தது. 2005-இல் ரூத் கில்பர்ட் குழுவினர் பழைய ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான ஆதாரம் 1970-லேயே போதுமான அளவு இருந்தது தெரிந்தது. அப்போதே நடவடிக்கை எடுத்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். இதற்காக யாரும் கூண்டில் ஏறவில்லை.

சின்ன இடைச்செருகல். மாமல்லபுரத்து ஸ்தலசயனப் பெருமாள், பெயருக்கேற்பத் தரையில் சயனித்திருப்பவர். இன்றைய குழந்தை மருத்துவர்கள் கேட்பதும் அதே மாதிரிப் படுக்கைதான்: சமமாக, அமுங்காததாக, தலையணை இல்லாமல். பச்சிளங்குழந்தைக்கு இலவம்பஞ்சு மெத்தை வாங்குபவர்கள் ஒருமுறை கோயிலுக்குப் போய்வரலாம்.

சீனத் தாய்மார் வழக்கம் சரியாக இருந்ததால் பாட்டி வழக்கம் எல்லாமே சரி என்று அர்த்தமில்லை. உத்தரத்தில் கட்டிய புடவைத் தூளியில் முதுகு வளைந்து, முகவாய் நெஞ்சில் குத்தி நிற்கும். பிஞ்சுக் கழுத்தால் அதை நிமிர்த்த முடியாது. கொஞ்ச நேரம் ஆட்டலாம், இரவு முழுக்க விடக் கூடாது. அப்பா வீட்டுக்குள் பீடி பிடிப்பது அதைவிட மோசம். குடித்தவர் பக்கத்தில் பிள்ளை தூங்கவே கூடாது. தாய்ப்பாலும், தாய் படுக்கும் அறையிலேயே குழந்தைக்குத் தனி விரிப்பும் ஆபத்தைக் குறைக்கின்றன. குறைமாதப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் குப்புறப் போட்டதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் அப்படிச் செய்பவர்கள் உண்டு. அங்கே மூச்சையும் நாடியையும் கருவி கண்காணிக்கிறது, வீட்டில் யார் கண்காணிப்பது?

'தாய்ப்பால் புரையேறிக் குழந்தை பலி' என்று நம் பத்திரிகைகளில் ஒரு பத்திச் செய்தி வரும். பிரேதப் பரிசோதனை முடிவு வருவதற்குள் பெற்றவள் குற்றவாளி ஆகிவிடுவாள். சாலமோன் காலத்துப் பழி இன்னும் அதே வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

தமிழக அரசு 2015-இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் வைத்தார்கள். படுக்கையும் கொசுவலையும் அதில் அடக்கம். அந்த மாதிரிப் படுக்கையின் மேல் 'மல்லாத்திப் போடுங்கள்' என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்கப் பெரிய செலவு ஆகாது. சுகாதாரத் துறையில் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த டெண்டரில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.