திருப்பிக் கொடுத்தவரின் மகிழ்ச்சி



நம் அன்னவாசலுக்கு அருகே, சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. எல்லாவற்றையும் துறந்தவர்களை மதிக்கத் தெரிந்த மண் இது. குகைக்குப் போக இயலாத, குடும்பமும் கணக்குவழக்கும் உள்ள நமக்கு என்ன வழி?

லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் சக்கேயு வழிகாட்டுகிறார். இயேசுவை மகிழ்ச்சியோடு வீட்டில் வரவேற்றார். உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். அன்றே அவ்வீட்டுக்கு மீட்பு வந்தது. முந்தைய அதிகாரத்துச் செல்வரோ, எதையும் விட மனமின்றி வருத்தமுற்றார்.

நம் புனித தேவசகாயம் திருவிதாங்கூர் அரண்மனைப் பதவியை இழந்தார்; 1752இல் உயிரையும் ஈந்தார். இயேசுவை மட்டும் விடவில்லை.

நாமும் பாவசங்கீர்த்தனம் செய்கிறோம். ஆனால் அநியாய வட்டியும், நகர்த்திப் போட்ட வரப்பும், கொடுக்காமல் வைத்த கூலியும் நம்மிடமே இருந்தால் மனம் எப்படி லேசாகும்? இந்த வாரமே உரியவர் வீட்டுக் கதவைத் தட்டி, உரியதைக் கொடுப்போம். அன்று நம் வீட்டிலும் ஆண்டவர் தங்குவார். ஆமென்.