சான்றிதழ் கொடுப்பவரைச் சோதிப்பது யார்?

சின்னத் தொழிற்சாலை நடத்துறவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி: "சார், எங்க கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ அக்ரிடிடேஷன் வாங்க எவ்வளவு ஆகும்?" செலவைப் பேசுறதுக்கு முன்னாடி அந்தச் சொல்லைச் சரியா புரிஞ்சுக்கலாம். இந்தக் குழப்பத்துலதான் பலரோட பணம் வீணாகுது.

இதுல மூணு வேலை இருக்கு. செய்றவங்க வேற வேற ஆளுங்க.

முதல் வேலை, தரநிலையை எழுதுறது. ஜெனீவாவுல இருக்கிற ஐ.எஸ்.ஓ செய்றது இதைத்தான். தர மேலாண்மைக்கு 9001, சுற்றுச்சூழலுக்கு 14001. ஐ.எஸ்.ஓ யாருக்கும் சான்றிதழ் கொடுக்கிறதில்லை. அதனால, சான்றிதழ்ல ஐ.எஸ்.ஓ-வோட லோகோ இருந்தாலே சந்தேகப்படணும்.

ரெண்டாவது, சர்ட்டிஃபிகேஷன், அதாவது சான்றளிப்பு. ஒரு சான்றளிப்பு நிறுவனம் ரெண்டு கட்டமா ஆடிட் பண்ணும். முதல் கட்டத்துல ஆவணங்களையும் நீங்க தயாரா இருக்கீங்களான்னும் பார்ப்பாங்க. அடுத்த கட்டத்துல, எழுதி வச்சது நிஜமாவே நடக்குதான்னு நேர்ல பார்ப்பாங்க. சான்றிதழ் பொதுவா 3 வருஷம் செல்லும். நடுவுல வருஷா வருஷம் கண்காணிப்பு ஆடிட் உண்டு.

மூணாவதுதான் அக்ரிடிடேஷன், அங்கீகாரம். இங்க சோதிக்கப்படுறது உங்க கம்பெனி இல்லை; உங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிற நிறுவனம். அதுக்குன்னே ஐ.எஸ்.ஓ/ஐ.இ.சி 17021-1 என்கிற தரநிலை இருக்கு. இந்தியாவுல அதைச் செய்றது இந்தியத் தர கவுன்சிலோட என்.ஏ.பி.சி.பி வாரியம்.

பரீட்சை மாதிரி நினைச்சுக்கோங்க. பாடத்திட்டம் எழுதுறவர் ஒருத்தர், பரீட்சை வைக்கிறவர் இன்னொருத்தர், அந்தப் பரீட்சை மையம் ஒழுங்கா நடக்குதான்னு பார்க்கிறவர் மூணாவது ஆள். உங்க கம்பெனி வாங்குறது சர்ட்டிஃபிகேஷன்தான். (பரிசோதனைக் கூடம்னா கதை வேற, அவங்க 17025-படி அக்ரிடிடேஷனே வாங்கலாம்.)

எனக்குத் தெரிஞ்ச ஒரு பம்ப் உதிரிபாகப் பட்டறைக்காரருக்கு, "ரெண்டே நாள்ல ஐ.எஸ்.ஓ"ன்னு ஒரு போன் வந்தது. ஆடிட்டுக்கு யாரும் வரலை. பணம் கட்டினார், சான்றிதழ் கூரியர்ல வந்தது. புது பையர் அதைப் பார்த்துட்டு, "அங்கீகார முத்திரை எங்கே?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டார். ஆர்டர் கைநழுவிப் போச்சு.

அங்கீகாரம் இல்லாத சான்றளிப்பு நிறுவனம் எல்லாமே மோசடின்னு நான் சொல்ல வரலை. அது சட்டப்படி எல்லாருக்கும் கட்டாயமும் இல்லை. ஆனா அவங்க வேலையைச் சரிபார்க்க மூணாவது ஆள் இல்லைன்னா, உங்க பையர் எதை நம்புவார்?

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, உங்களை அங்கீகரிச்சது யார்? பதிலை அந்த அங்கீகார அமைப்போட இணையதளத்துல நீங்களே சரிபாருங்க. ரெண்டு, அந்த அங்கீகாரத்துல நான் கேட்கிற தரநிலையும் என் தொழில் துறையும் அடங்குதா? மூணு, ஆலோசனையும் நீங்களே, சான்றிதழும் நீங்களேவா? "ஆமா"ன்னா விலகிடுங்க. சொல்லிக் கொடுத்தவரே மார்க் போடக் கூடாதுன்னு 17021-1 தெளிவா சொல்லுது.

கடைசியா ஒண்ணு. 9001 நீங்க வேலை செய்ற முறைக்கான சான்று, பொருளுக்கான சான்று இல்லை. அதனால பம்ப் மேல அதை அச்சடிக்காதீங்க. விசிட்டிங் கார்டுல போடும்போதும் வெறுமனே "ஐ.எஸ்.ஓ"ன்னு போடாம, "ஐ.எஸ்.ஓ 9001:2015 சான்று பெற்றது"ன்னு முழுசா போடுங்க.

சந்தேகம் இருந்தா எழுதுங்க.