பையில் வளரும் பிள்ளைகள்

கங்காரு என்றதும் தாயின் வயிற்றுப் பையினின்று தலை நீட்டும் குட்டியே நம் நினைவுக்கு வருகிறது. அக்குட்டி அப்பைக்குள் எவ்வாறு புகுந்தது என்பதைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர்.

ஆஸ்திரேலியாவின் செங்கங்காரு சூல் கொண்ட 33 நாட்களிலேயே ஈன்றுவிடுகிறது. பிறக்கும் குட்டி ஒரு கிராம் எடைகூட இராது. கண் திறவாது, பின்னங்கால்கள் வெறும் மொட்டுக்களே. எனினும் முன்னங்கால்களால் தாயின் மயிரைப் பற்றிப் பற்றி ஏறி, எவர் துணையுமின்றிச் சில நிமிடங்களில் பையை அடைந்து, முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. காம்பின் நுனி வாய்க்குள்ளே பருத்துவிடுவதால், தாய் துள்ளிப் பாய்ந்தாலும் குட்டி நழுவுவதில்லை. மூத்த குட்டி வெளியே மேய்ந்துவிட்டு வந்து பால் குடிக்க, இளையது உள்ளே பருகிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் வெவ்வேறு தன்மையுள்ள பாலை, வெவ்வேறு காம்புகளில், ஒரே சமயத்தில் சுரந்தளிக்கிறது அத்தாய்! இத்தகைய பைப்பாலூட்டிகளைத் தாழ்ந்த படியில் நிற்பவை என்று முன்னாளில் சிலர் எழுதினர். எனக்கு அது பொருந்தாப் பேச்சாகவே தோன்றுகிறது.

எல்லாப் பைகளும் மேல்நோக்கித் திறப்பன அல்ல. வளை தோண்டும் வாம்பட்டின் பை பின்புறமாகத் திறக்கிறது. இல்லையேல் குட்டியின் மேல் மண் குவிந்துவிடுமன்றோ!

அவ்வாறு பின்புறம் திறக்கும் பையுடைய மற்றொரு விலங்கும் இருந்தது. அதுவே டாஸ்மேனியத் தீவில் வாழ்ந்த தைலசின். நாய் போன்ற உருவம். முதுகின் பின்பாதியிலே புலியின் வரிகள். ஆட்டு மந்தைகளை அழிக்கிறதென்று குற்றஞ்சாட்டி, 1888 முதல் 1909 வரை, கொல்லப்பட்ட ஒவ்வொரு வளர்ந்த விலங்குக்கும் அரசு ஒரு பவுன் பரிசளித்தது. வழங்கப்பட்ட பரிசுகள் 2,184. அதன் தாடையின் வலிமையைக் கணித்து 2011இல் வெளியான ஆய்வோ, வளர்ந்த ஆட்டைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இருந்திராது என்கிறது. 1936 ஜூலை 10ஆம் நாள் சட்டப் பாதுகாப்பு வந்தது. 59 நாட்கள் சென்றபின், செப்டம்பர் 7 அன்று, ஹோபார்ட் நகர விலங்குக் காட்சிசாலையில், அவ்வினத்தில் நாம் அறிந்த கடைசி விலங்கு மாண்டது.

அதன் உடல் காணாமற்போனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. ஹோபார்ட் அருங்காட்சியகத்தின் அலமாரியிலேயே தோலும் எலும்பும் இருந்தமை 2022இல் தெரியவந்தது. அது ஒரு கிழப் பெண் விலங்கு. கண்ணி வைத்துப் பிடிப்பது குற்றமாதலால் அதன் வரவை எவரும் பதிவு செய்யவில்லை. அத்தோலைப் பதப்படுத்தி, பள்ளிகளுக்கு எடுத்துச் சென்று மாணவருக்குக் காட்டி வந்திருக்கிறார்கள். காட்டில் இன்னும் பல உண்டென்றே அந்நாளில் எண்ணியிருந்தனர்.