பணிக்கரின் கயிறும் குதிரையின் கடிவாளமும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்த நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாக விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். வாவியின் வடபாலிலுள்ள ஏறாவூர், ஒரு காலத்தில் யானை பிடிக்கும் பணிக்கர்களாற் பேர்பெற்று விளங்கிய ஊராகும். குதிரையேற்றக் கலைக்கும் இவ்வூருக்கும் நேரான தொடர்பு ஏதுமில்லை. ஆயினும், மனிதனாற் பழக்கப்பட்ட விலங்கு தன் இயல்பில் நிற்கின்றதா, இயல்பை இழந்து நிற்கின்றதா என்னும் வினாவை ஆராய்வோர்க்குப் பணிக்கரின் தொழில் நல்லதோர் உரைகல்லாக அமைகின்றது.

ஐரோப்பாவில் டிரெஸ்ஸாஜ் எனப்படும் குதிரைப் பயிற்சி 1912ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக் பந்தயங்களில் இடம்பெற்று வருகின்றது. குதிரை நின்ற இடத்திலேயே நடை பயில்கின்றது. பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கின்றது. நடனமாடுவது போல உயர்ந்து அசைந்து செல்கின்றது. இவற்றைக் காண்போர் சிலர் வியக்கின்றனர். வேறு சிலரோ, வாயில்லாப் பிராணியை இவ்வாறு ஆட்டுவிப்பது எதற்கென்று வினவுகின்றனர். இவ்விரண்டாவது வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

குதிரையின் உடல் அமைப்பிலேயே இப்பயிற்சியின் நோக்கம் அடங்கியுள்ளது. இயல்பாக நிற்கும் குதிரை தன் நிறையிற் பாதிக்கு மேற்பட்டதை முன்னங்கால்களிலேயே தாங்குகின்றது. முதுகில் மனிதன் ஏறியதும் முன்னங்கால்களின் சுமை மேலும் மிகுகின்றது. பயிற்சியில்லாத குதிரை நாளடைவில் முதுகு வலிமை குன்றிக் கால் நொந்து போதல் கூடும். பின்னங்கால்களை வயிற்றின் கீழ் நன்கு செலுத்தி, முதுகைத் தளர்த்தி, சுமையைப் பின்புறத்தால் ஏற்குமாறு அதனைப் பழக்குவதே டிரெஸ்ஸாஜின் அடிப்படை. இது சில நாளில் முடிவதன்று. படிப்படியாகப் பல ஆண்டுகள் நிகழ வேண்டியது. ஆகவே, அரங்கிற் காணும் அலங்கார நடைகள் அப்பயிற்சியின் முதிர்ச்சியேயன்றி, அதன் முதல் நோக்கமல்ல.

அந்நடைகளும் மனிதன் புதிதாகப் படைத்தவையல்ல. மேய்ச்சல் நிலத்தில் ஆண் குதிரை மற்றொன்றைக் கண்டு கிளர்ச்சியுறும்போது, கழுத்தை வளைத்துக் கால்களை உயரத் தூக்கி இவ்வாறே நடக்கும். கிரேக்க நாட்டுச் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே இதனைக் கண்டு, குதிரை தானே விரும்பி எடுக்கும் கோலத்தையே வீரன் அதனிடம் வேண்ட வேண்டும் என்றும், வலிந்து பெறுவதில் அழகில்லை என்றும் அறிவுறுத்தினார்.

எனவே, இயல்பில் உள்ள அசைவுதானே, அதனைப் பழக்குவதிற் குற்றமென்ன என்று கூறி அமைந்துவிடலாமா? இவ்விடத்திலேயே ஏறாவூர்ப் பணிக்கரின் கயிறு நினைவிற்கு வருகின்றது.

1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், தீவின் வடக்கிலும் வடகிழக்கிலுமுள்ள முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்த பணிக்கர்களின் ஆற்றலை வியந்து எழுதியுள்ளார். மரைத்தோல் அல்லது எருமைத்தோலால் ஆன கயிறொன்றே அவர்களின் கருவி. காட்டிற் கால்நடையாக யானையின் தடம் பற்றிச் சென்று, அதன் பின்னங்காலிற் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்திற் பிணித்துவிடுவர். யானையின் சுபாவத்தை அவர்களைப்போல் அறிந்தவர் அரியர்.

பிடிபட்ட யானை பின்னர்ச் செங்கற் களிமண்ணை மிதித்தது, மரங்களைத் தூக்கியது. காட்டிலும் யானை சேற்றை மிதிக்கும். துதிக்கையால் மரக்கிளையைத் தூக்கும். அசைவு இயல்பானதா என்பதை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், அவ்வேலைகளிற் குறை காண இயலாது. ஆனால் தன் கூட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட அவ்விலங்கு நெருப்பாலும் புகையாலும் அச்சுறுத்தப்பட்டு, போராடிக் களைத்தபின் பணிந்தது. பழக்கும் நாளிலேயே மாண்ட யானைகளும் பல. அவை நெஞ்சுடைந்து இறந்தன என மக்கள் கூறியதை டெனன்ட் குறித்துள்ளார். 1950ஆம் ஆண்டு பனாமுறையில் நடந்த யானை பிடிப்பில் எதிர்த்து நின்ற யானை சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இலங்கையின் இறுதி யானைக் கொட்டி அதுவே.

இதனாற் பெறப்படுவது யாது? விலங்கின் இயல்பை அறிதல் வேறு. அவ்வியல்பிற்கு மதிப்பளித்தல் வேறு. அறிவு ஒன்றே கயிறாகவும் ஆகலாம், துணையாகவும் ஆகலாம்.

குதிரை நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதனோடு வாழ்ந்து வருவது. காட்டு யானையோ ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிடிக்கப்பட்டது. இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் குதிரைக்கும் கொடுமை நேராமலில்லை. கழுத்தை நெஞ்சோடு ஒட்டுமாறு வலிந்து வளைக்கும் முறையைப் பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனம் 2010இல் ஏற்கத்தகாததென அறிவிக்க வேண்டியிருந்தது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குமுன், பிரித்தானியாவின் முன்னணி வீராங்கனையொருவர் பயிற்சியின்போது குதிரையைச் சவுக்கால் திரும்பத் திரும்ப அடித்த காட்சி வெளியாகியதால், அவர் பந்தயத்தினின்றும் விலகினார். பெயர் பெற்ற அரங்கிலும் பணிக்கரின் கயிறு வேறு உருவில் நுழைந்துவிடுகின்றது.

இதனைக் கண்டறிதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. ஓயாது வாலைச் சுழற்றுதல், வாயைப் பிளத்தல், காதுகளைப் பின்னோக்கி மடித்தல் ஆகியவை குதிரையின் முறைப்பாடுகள். தளர்ந்த முதுகும் சீரான மூச்சும் அமைதியான வாயும் அதன் இசைவைக் காட்டுவன. பரிசளிக்கும் நடுவர் காலடிகளை எண்ணுமுன் இவற்றை நோக்குவாராயின், பயிற்சி தன் பழைய நோக்கத்தை இழவாது.

இன்று யானைகள் சட்டத்தாற் பாதுகாக்கப்படுகின்றன. பணிக்கர்களின் பழந்தொழிலும் மறைந்துவிட்டது. படுவான்கரை உழவர் தம் வயலில் இறங்கும் யானையோடு இன்னும் அல்லற்படுகின்றனர். அங்கும், குதிரை அரங்கிலும், மனிதன் முதலிற் கற்கவேண்டிய பாடம் ஒன்றே: எதிரே நிற்கும் விலங்கு என்ன கூறுகின்றது என்பதைக் கேட்டறிதல்.