ஜகாத் கொடுத்தவருக்கு வரி எதற்கு?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

சென்ற ரமளானில் ஜகாத் கணக்குப் பார்த்துத் தருமாறு நம்மிடம் வந்த வியாபாரச் சகோதரர் ஒருவர், கணக்கு முடிந்து எழும்போது ஒரு கேள்வியை வைத்தார். “ஹஜ்ரத், நூற்றுக்கு இரண்டரை கொடுத்தாயிற்று. மதரஸாவுக்கு, ஏழைப் பெண்களின் நிக்காஹ்வுக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதற்கு மேல் சர்க்காருக்கும் முழுதாகக் கட்டத்தான் வேண்டுமா? கொஞ்சம் குறைத்துக் காட்டினால் குற்றமா?” என்றார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். கேள்வியை மறைவாகவும் கேட்கவில்லை. நான்கு பேர் இருக்கும்போதே கேட்டார். அந்த நான்கு பேரும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, கேள்வி அவருடையது மட்டுமல்ல என்று விளங்கிற்று.

அன்று நாம் சொன்ன பதில் அரைகுறையானது. “நாட்டின் சட்டத்திற்குக் கட்டுப்படுவது கடமை” என்று சொல்லி முடித்துக்கொண்டோம். கேட்டவர் கொடையாளி, நாமோ ஜமாஅத்தின் சம்பளத்தில் இருப்பவர். அந்தத் தயக்கமும் அதில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். விட்டுப்போன மீதியை இன்று கூறிவிட எண்ணுகிறோம்.

நம் பகுதிச் செல்வந்தர்களின் கொடைத்தன்மையைக் குறைத்துப் பேசினால் நாவு கூசும். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியக் கல்லூரி எழுந்தது தோல் வணிகர்களின் கரங்களால். மேல்விஷாரத்தைச் சேர்ந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு எதிரே கட்டிய சித்தீக் சராய் இன்றும் நிற்கிறது. அதில் இரவு தங்கிய பிரயாணிகள் எத்தனை ஆயிரம் பேரோ! பாலாற்றங்கரை ஊர்களில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, மதரஸா என்று எதைத் தொட்டாலும் அதற்கு அடியில் ஒரு தோல் வணிகரின் பெயர் இருக்கும்.

ஆயினும் கொடை வேறு, பாக்கி வேறு. கொடையில் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று தீர்மானிப்பவர் கொடுப்பவர். பாக்கியில் அத்தீர்மானம் அவர் கையில் இல்லை. நம் மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’வில் பிணைப்பொறுப்பு பற்றிய பாடத்தில் ‘நவாயிப்’ என்றொரு சொல் வருகிறது. பொதுக்கால்வாய் வெட்டுவதற்கும், ஊர்க்காவலரின் கூலிக்கும் மக்கள்மீது விதிக்கப்படும் பொதுத்தொகை அது. அதற்கு ஒருவர் மற்றவருக்காகப் பிணை நிற்கலாம் என்பது ஹனஃபி சட்டம். பிணை நிற்கலாம் என்றால் அது கடன் என்றாகிறது. கால்வாயும் காவலும் ஊருக்குப் பொது. ஆகவே அதன் செலவும் ஊரார்மீது கடன். அந்நாளில் கால்வாய், இந்நாளில் சாலை, மின்சாரம், அரசு மருத்துவமனை, ஏற்றுமதித் துறைமுகம்.

ஜகாத்தின் பொருள் வேறு. அது யாருக்குச் சேரவேண்டும் என்பது வகுக்கப்பட்டுவிட்டது. ஜகாத் பணத்தில் பள்ளிவாசல்கூடக் கட்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நம் ஊர் நெடுஞ்சாலையை அந்த ஜகாத்தா போட்டிருக்கும்? சரக்கு லாரி அதன்மேல்தானே துறைமுகத்திற்குப் போகிறது!

“ஏழைகள் வரி கட்டுவதில்லை, நாங்கள் மட்டும் ஏன்?” என்று சிலர் கேட்பதுண்டு. இது உண்மையன்று. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்கு அதிகாலையில் பஸ் ஏறும் நம் பெண்மக்களில் பெரும்பாலோர் வருமான வரி கட்டுவதில்லை என்பது சரிதான். ஆனால் 2017 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை அவர்கள் வாங்கிய ஒவ்வொரு குளியல் சோப்பிலும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாயிற்று. பஸ் ஓடும் டீசலிலும் வரி, அது ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, மத்திய மாநில வரிகள் இரண்டும் அதன்மேல் உண்டு. முதலாளியின் சோப்புக்கும் தொழிலாளியின் சோப்புக்கும் ஒரே விகிதம். உப்புக்கு வரி விதித்த வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து போனார்களே, அதன் நியாயமும் இதுதான். அரசனும் ஆண்டியும் ஒரே அளவு உப்புத்தான் தின்பார்கள். ஆகவே உப்பு வரியின் பாரம் ஆண்டியின் முதுகில்தான் அதிகம் இறங்கும்.

அந்தப் பெண் தைத்த காலணி கப்பலேறும்போது அதற்கு வரி பூஜ்யம். மூலப்பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யையும் ஏற்றுமதியாளர் திரும்பப் பெறுகிறார். இதில் தவறில்லை. வெளிநாட்டுச் சந்தையில் நம் பொருள் விலைபோக வேண்டும், அதனால் வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே சட்டம் இவ்வாறு அமைந்துள்ளது. தைத்தவளின் சோப்புக்குத் திரும்பப் பெறும் வழியில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இனி, செல்வந்தர்களின் வரி இந்நாட்டில் சென்ற பாதையைச் சற்றுப் பார்ப்போம். இறந்தவரின் சொத்துக்கு வரி 1953இல் வந்தது, 1985இல் போயிற்று. நிக்கோலஸ் கால்டர் என்ற பொருளாதார அறிஞரின் யோசனைப்படி, டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957இல் செல்வ வரி வந்தது. இது நம் ஜகாத்தைப் போன்றது: சம்பாத்தியத்தின் மீதல்ல, ஓர் அளவுக்கு மேல் கையில் தங்கியிருக்கும் செல்வத்தின் மீது ஆண்டுதோறும். ஆனால் காலப்போக்கில் பங்குப் பத்திரம் முதலியவற்றையெல்லாம் அதிலிருந்து நீக்கினார்கள். கடைசிக் காலத்தில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மிச்சத்திற்கு ஒரு சதவீதம் என்று நின்றது. 2013-14இல் நாடு முழுவதிலும் அதில் வசூலானது 1,008 கோடி ரூபாய்தான். வசூலிக்கும் செலவே அதிகம் என்று கூறி 2015 பட்ஜெட்டில் அதை ஒழித்து, ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானமுள்ளோர்மீது 2 சதவீதக் கூடுதல் வரி போட்டார்கள். 2019 செப்டம்பரில் நிறுவனங்களின் வரியை 22 சதவீதமாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் குறைத்தார்கள். அரசு கைவிட்ட தொகை ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி என்று அரசே அறிவித்தது. 2023-24இல் மத்திய அரசுக்கு நிறுவனங்கள் கட்டிய வரி சுமார் 9.11 இலட்சம் கோடி. தனிமனிதர்கள் கட்டிய வருமான வரி சுமார் 10.44 இலட்சம் கோடி.

சம்பளக்காரருக்கு ஒரு நியாயம், சொத்துக்காரருக்கு ஒரு நியாயம் என்ற குறையும் உண்டு. புதிய முறையில் 24 இலட்சத்திற்கு மேற்பட்ட சம்பளத்திற்கு 30 சதவீதம். பங்குகளை நெடுநாள் வைத்திருந்து விற்ற இலாபத்திற்கு 2024 ஜூலையிலிருந்து பன்னிரண்டரை சதவீதம். அமெரிக்காவில் வாரன் பஃபெட் என்ற பெருஞ்செல்வர், தம் அலுவலகத்தில் வேலை செய்பவர்களைவிடத் தாம் குறைந்த விகிதத்தில் வரி கட்டுவதாக 2011இல் தாமே முன்வந்து எழுதினார். 2024இல் பிரேசில் நாட்டின் தலைமையில் நடந்த ஜி-20 கூட்டத்திற்காக, உலகின் சுமார் மூவாயிரம் மகா கோடீசுவரர்கள் ஆண்டுதோறும் தம் செல்வத்தில் குறைந்தது 2 சதவீதமாவது வரியாகக் கட்டட்டும் என்று கேப்ரியல் சுக்மன் என்ற பொருளாதார அறிஞர் ஒரு திட்டம் தந்தார். நம் மத்ஹபில் நிஸாப் 87.48 கிராம் பொன். பதினோரு பவுனுக்குச் சற்றுக் குறைவு. பதினோரு பவுன் நகையைக் காதிலும் கழுத்திலும் வைத்திருக்கும் விதவைத் தாய் இரண்டரை சதவீதம் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். கோடீசுவரர்களிடம் கேட்ட இரண்டு உலகத்திற்குப் பெரிய அதிசயமாகப் போயிற்று!

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1973-74இல் உச்ச வருமான வரி நூற்றுக்கு 97.75 என்று இருந்தது. நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய் மிஞ்சினால் யார் உண்மைக் கணக்கைக் காட்டுவார்? இரண்டு கணக்குப் புத்தகம் வைக்கும் பழக்கம் வேரூன்றியதில் அந்தக் காலத்திற்கும் பங்குண்டு. கலீஃபா ஹாரூன் ரஷீத் கேட்டுக்கொண்டதற்கிணங்க இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் ‘கிதாபுல் கராஜ்’ எழுதியபோது, நிலத்தின் மீது மாறாத தொகை விதிப்பதை விட விளைச்சலில் பங்கு வாங்குவதே நல்லது என்றார்கள். வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதையும் கண்டித்தார்கள். தாங்கக்கூடியவர் தாங்குமளவு, தாங்கமுடியாதவருக்கு விலக்கு: ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம் பேசிய பேச்சு இது. விகிதம் எதுவாயினும் அரசும் நிபுணர்களும் வாதாடட்டும். விதித்ததைக் குறைத்துக் காட்டுவதுதான் நம் கேள்வி. அளவையில் குறைப்பவர்களின் பெயராலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது, 83ஆவது.

இப்போது நம் வாசலுக்கே வருகிறோம். மாதனூரில் பாலாற்றைப் பற்றிப் பேசாமல் பாக்கியைப் பற்றிப் பேச முடியாது.

தோல் பதனிட்ட கழிவுநீரால் தமிழகத்தின் தோல் தொழில் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதென்ற கணக்கு 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தந்த தீர்ப்பில் இடம்பெற்றது. கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும் என்ற விதி இந்திய நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பில் உறுதியாயிற்று. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். பாதிப்பைக் கணக்கிட அமைத்த ஆணையம் 2001 மார்ச் 7இல் தன் முடிவைத் தந்தது. வேலூர் மாவட்டத்தில் 547 தொழிற்சாலைகள், 29,193 பேருக்கு, சுமார் 26.82 கோடி ரூபாய் கொடுக்கவேண்டும். 1991 ஆகஸ்டிலிருந்து 1998 டிசம்பர் வரையிலான காலத்துக்கான ஈடு அது. நாம் வகுத்துப் பார்த்தோம். ஒருவருக்குச் சராசரி ஒன்பதாயிரம் சொச்சம். மாதக்கணக்கில் பார்த்தால் நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும். கிணறு கெட்டதற்கு மாதம் நூறு ரூபாய்! அதுகூட முழுதாகத் தீராமல், 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட நேர்ந்தது. பெறாதவர்களுக்கு ஆறு வாரத்திற்குள் மாநில அரசு கொடுத்துவிட்டுத் தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது உத்தரவு.

அரசு முன்கூட்டிக் கொடுப்பது என்றால் அது யார் பணம்? வசூலாகும்வரை, சோப்பு வாங்கியவளின் பணமும் அதில் இருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியதிலும் தொழில் அதிபர்களின் பணத்தோடு மத்திய மாநில அரசுகளின் மானியம் சேர்ந்திருக்கிறது. எனவே வரியைக் குறைத்துக் காட்டுவதும், கழிவை ஆற்றில் விட்டு அண்டை வீட்டாரின் கிணற்றைச் செலவாக்குவதும் நம் பார்வையில் ஒரே குறையின் இரண்டு கைகள். தன் பங்கைப் பிறர் தோளில் ஏற்றுவது.

ஒழுங்காகச் சுத்திகரித்து, ஒழுங்காகக் கட்டிவரும் சகோதரர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். மற்றவர் கட்டாததால் போட்டியில் நஷ்டப்படுபவர்களும் அவர்கள்தாம். அவர்களுக்காகவும் இதைப் பேசுகிறோம்.

ஜகாத் கணக்கில் தொழிற்சாலைக் கட்டிடத்திற்கும், தோல் சுழற்றும் டிரம்முக்கும் நாம் ஜகாத் போடுவதில்லை. கிடங்கிலுள்ள பச்சைத்தோல், பதனிட்ட தோல், வரவேண்டிய பாக்கி, ரொக்கம் இவற்றுக்கே போடுகிறோம். கொடுக்கவேண்டிய கடன்களைக் கழித்துக்கொள்கிறோம். அந்தக் கடன் பட்டியலில் வங்கிக் கடனும் வியாபாரக் கடனும் தவறாமல் இடம்பெறுகின்றன. விவசாயிக்குக் கொடுக்கவேண்டிய ஈட்டுத்தொகையை யாரும் எழுதி நாம் பார்த்ததில்லை. அது மனிதரின் ஹக்கு. அந்த விவசாயி பெரும்பாலும் நம் மார்க்கத்தவர் அல்லர் என்பதால் ஹக்கு குறைந்துவிடாது. ஹக்கு நிற்கும்போது ஸதகாவின் அளவைப் பெருக்குவதால் கடன் கழியாது.

பள்ளிவாசலின் பக்கமும் குறை இருக்கிறது. 2016 நவம்பரில் பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த வாரம் நம் உண்டியல் நிறைந்ததை நினைவிருக்கிறதா? அதுவரை பத்து ரூபாய் போட்ட கைகள் திடீரென்று தாராளமாயின. நாமும் சிரித்தோமே தவிர, எங்கிருந்து என்று கேட்கவில்லை. நன்கொடைப் பட்டியலில் ‘நலம் நாடுபவர்’ என்று எழுதி ரசீதில்லாமல் பெரிய தொகைகள் வாங்கியபோதும் கேட்கவில்லை. 2017 ஏப்ரல் முதல் ஒருவரிடம் ஒரே நாளில் இரண்டு இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது சட்டப்படி கூடாது. செல்வந்தரின் கணக்கில் ஓட்டை இருந்தால், அதன் வழியே ஒழுகியதில் ஒரு பங்கு இங்கும் வந்து விழுந்திருக்கலாம். இதைச் சொல்லாமல் மற்றவரை மட்டும் சொல்வது நம்மால் இயலாது.

நிர்வாகக் குழு இரண்டு காரியங்களுக்குச் சம்மதித்திருக்கிறது. இவ்வாண்டு முதல் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடை காசோலை மூலமோ வங்கி மூலமோ மட்டுமே பெறப்படும், ரசீது கட்டாயம். ரமளானில் நாம் எழுதித்தரும் ஜகாத் கணக்குத் தாளில் ‘கொடுக்கவேண்டியவை’ என்ற பகுதியில் வரிப் பாக்கிக்கும், நிலப் பாதிப்பு ஈட்டுத்தொகைக்கும் தனித்தனி வரி ஒதுக்கப்படும். அந்தத் தாளை வெறுமையாக விடுவதும் நிரப்புவதும் அவரவர் பொறுப்பு. சென்ற ஆண்டு கேள்வி கேட்ட சகோதரர், முதல் தாளைத் தமக்கே தருமாறு சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் இஷா தொழுகைக்குப் பின் நம் அறையில் பெற்றுக்கொள்ளலாம். உருதுவில் வேண்டுவோருக்கு அதுவும் தயாராகிறது.